கார்ப்பரல் வைரப்பன் பழக்கிய கைகள்

செவ்வாய்க்கிழமை காலை சிரம்பானை அடுத்த மம்பாவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவன் வைரப்பனின் மூத்த மகன். "அப்பா போயிட்டாரு அங்கிள். கோப்பி குடிச்சாரு, கிளாஸை மேசையில வெச்சாரு, சாய்ஞ்சாரு. அவ்வளவுதான்." மணி எத்தனை என்று கேட்டேன். பத்திரிகைத் தொழில் பழக்கம். ஏழு பத்து என்றான். தாளில் குறித்துக்கொண்டேன். எதற்குக் குறித்தேன் என்று இன்னும் புரியவில்லை.

பிற்பகல் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து பேசினார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து அரிசி ஸ்டோரைக் கொள்ளையடிக்க வந்த பத்துப் பேரைத் தன்னந்தனியாக நின்று சுட்டு விரட்டியவர் வைரப்பன் என்றார். அடுத்துப் பேசியவர் பத்தை இருபது ஆக்கினார். மறுநாள் பத்திரிகையில் 'துப்பாக்கி வீரர் மறைவு' என்று வந்தது. நான் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்துதான் அந்தச் செய்தி போயிருக்கிறது.

அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அரிசி ஸ்டோருக்கு அன்றைக்கு வந்தவர்கள் ஆறு பேர். வைரப்பன் அன்று ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். ஊர் சொன்னதையெல்லாம் சரிபார்த்து எழுதிப் பிழைத்தவன், என் கண்ணால் பார்த்த இந்த ஒன்றை மட்டும் எழுதாமலே வைத்திருந்தேன்.

கோலா பிலா சாலையை ஒட்டிய ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே சின்னக் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஆபீஸுக்குப் பூட்டுப் போட்டார்கள். கணக்கு எழுதியவனும் மரவள்ளிக்கிழங்கு நட வேண்டியதாயிற்று. ஜப்பானியர் வந்து இரண்டாம் வருஷம், சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரிகள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தன. ஏறிப் போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. போலீஸில் சேர்ந்தால் லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்று சொன்னார்கள். ஏழு பேர் சேர்ந்தோம். நாட்டுப்பற்றும் இல்லை, ஜப்பான் பற்றும் இல்லை. அரிசியும் பயமும்தான். இதை மறைத்து எழுதினால் மற்றதும் பொய்யாகிவிடும்.

எங்களைப் பழக்க அனுப்பப்பட்டவர் கார்ப்பரல் வைரப்பன். சண்டைக்கு முன்னாலேயே போலீஸில் இருந்தவர், துப்பாக்கி தெரிந்தவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், பரந்த தோள். முதல் நாள் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக் கொட்டகைக்குப் பின்னால் எங்களை நிறுத்தி, ஒரு பழைய ரைபிளைத் தரையில் வைத்தார்.

"இதுதான் இருக்கு. ஏழு பேருக்கும் இது ஒண்ணுதான். குண்டு கிடையாது."

"குண்டு இல்லாம எப்படி கார்ப்பரல் சுடறது?" என்று கேட்டான் சன்னாசி. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரன். எங்களிலேயே வாய்த் துடுக்கு அவனுக்குத்தான்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு. பிள்ளை பிறந்து மூணு மாசம்."

"அப்புறம் என்னலா, எல்லாத்தையும் இருட்டுலயே கத்துக்கிட்டவன்தானே நீ. இதையும் கத்துக்க."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பிறகு சொன்னதை அப்படியே நினைவிலிருந்து எழுதுகிறேன். "சண்டை நடக்கிற இடத்துல மூளை வேலை செய்யாது. நான் பார்த்திருக்கேன். படிச்சவன், பலசாலி எல்லாம் மரம் மாதிரி நின்னிருக்கான். அந்த நேரம் கைக்கு என்ன தெரியுமோ அதைத்தான் கை செய்யும். அதனால நான் உங்க மூளைகிட்டப் பேசப் போறதில்ல. கைகிட்டத்தான் பேசப் போறேன்."

பேசினார். மூன்று மாதம், தினமும் இரண்டு மணி நேரம். மண்மேட்டுக்குப் பின்னால் வரிசையாக மண்டியிடுவோம். எதிரே ஒரு ரப்பர் மரத்தில் சுண்ணாம்பு வட்டம். இடது கோடியில் இருப்பவன் துப்பாக்கியை ஏந்தி, போல்ட்டை இழுத்துத் தள்ளி, குறி பார்த்து, விசையை அழுத்துவான். டிக் என்று ஒரு சத்தம் வரும். உடனே 'ஆச்சு' என்று சொல்லி வலது பக்கத்துக்காரனிடம் துப்பாக்கியை நீட்ட வேண்டும். கொடுத்தவன் எழுந்து, திரும்பி, வரிசைக்குப் பின்னாலேயே நடந்து வலது கோடியில் போய் மண்டியிட வேண்டும். அப்போதுதான் ஒரே துப்பாக்கி நிற்காமல் ஏழு பேரிடமும் சுற்றும். வைரப்பன் விரல் விட்டு எண்ணுவார். ஐந்துக்குள் துப்பாக்கி கை மாறவில்லை என்றால், கொடுக்கத் தாமதித்தவனும் வாங்கத் தாமதித்தவனும் புகைக் கொட்டகையை மூன்று சுற்று ஓட வேண்டும். நானும் சன்னாசியும் ஆரம்பத்தில் நிறைய ஓடினோம். அவனுக்கு வலது பக்கம் எப்போதும் நான்தான்.

"யோவ் கிராணி, கையை நீட்டுய்யா. பேனா பிடிக்கிற மாதிரி யோசிக்கிறியே" என்று திட்டுவான். அவன் திட்டித் திட்டியே என் கை பழகியது. கடைசியில் அவன் 'ஆச்சு' என்று சொல்லி முடிப்பதற்குள் என் கை போய் நிற்கும். பிலாவிலிருந்து வந்து பார்த்த இன்ஸ்பெக்டர், இவ்வளவு வேகமான ஆட்களை வேறு எங்கும் பார்க்கவில்லை என்றார். வைரப்பன் அன்று எங்களுக்குக் கள்ளு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெருமையையும் நான் மறைக்கக் கூடாது. அவர் வேலையைத் திறமையாகச் செய்தார். இருந்த ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதைவிடத் திறமையாக யாரும் செய்திருக்க முடியாது.

காட்டிலிருந்து ஆட்கள் இறங்கிப் போலீஸ் கொட்டகைகளைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஜப்பானியரை எதிர்த்து மலையில் இருந்தவர்கள். அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டும், அரிசி வேண்டும். போலீஸிடம் இரண்டும் இருந்தன. அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு அவசரமாக ஆளுக்கொரு ரைபிளும் பத்துக் குண்டும் வந்தன. வந்த ஆறாம் நாள் அவர்களும் வந்தார்கள்.

அரிசி அளக்கும் நாள். மாலை நாலு மணி, மழை விட்டு வெயில் அடித்தது. ஸ்டோர் வாசலில் பெண்கள் பை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ரப்பர் நிரைகளுக்கு நடுவே முதல் ஆளைப் பார்த்தவன் சன்னாசி. அவன் கத்தியதும் நாங்கள் மண்மேட்டுக்குப் பின்னால் விழுந்தோம். வைரப்பன் பெண்களை ஸ்டோருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஒருத்தியின் அரிசி கொட்டிவிட, அவள் குனிந்து அள்ளினாள். அவளைத் தூக்கி உள்ளே போட்டார். அதனால்தான் அவர் சுடவில்லை. அதனால்தான் எங்களையும் அவர் பார்க்கவில்லை.

முதலில் சுட்டவன் சன்னாசி. குறி தப்பவில்லை. எதிரே ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அடுத்து நடந்ததை மெதுவாக எழுத வேண்டும். சன்னாசி 'ஆச்சு' என்றான். அவனுடைய ரைபிளை வலது பக்கம் நீட்டினான். நான் என்னுடைய ரைபிளை, பத்துக் குண்டும் நிறைந்த ரைபிளை, மண்ணில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவனுடையதை வாங்கிக்கொண்டேன். அவன் எழுந்தான். திரும்பினான். வரிசையின் கோடிக்குப் போவதற்காக இரண்டு எட்டு வைத்தான். குண்டு முதுகில் பாய்ந்தது.

நான் சுட்டேனா என்று கேட்பார்கள். சுட்டேன், அவன் துப்பாக்கியால். நாலு குண்டு. எங்கே போயிற்று என்று தெரியாது. அவர்கள் தங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு நிரைகளுக்குள் மறைந்தார்கள். எல்லாம் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்திருக்கும். சன்னாசி அதற்கு முன்பே முடிந்திருந்தான்.

மறுநாள் சிரம்பானிலிருந்து ஜப்பானிய அதிகாரி வந்தார். கொஞ்சம் மலாய் பேசுவார். உடலைப் புரட்டச் சொல்லிப் பார்த்தார். "பெலாகாங்" என்றார். முதுகு. பிறகு அவனுடைய துப்பாக்கி எங்கே என்று கேட்டார். இன்னொருவன் கையில் இருந்தது என்று யாரோ சொன்னார்கள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு ஓடியவன். ஓடியவன் குடும்பத்துக்கு அரிசி கிடையாது. லயத்து வீட்டைக் காலி செய்து, பெண்டாட்டியும் பிள்ளையும் அடுத்த சயாம் லாரியில் ஏற வேண்டும். லாரி அந்த வாரமே வருவதாக இருந்தது. சன்னாசியின் மனைவி பாக்கியம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். அவளுக்கு மலாய் புரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. துப்பாக்கியை வாங்கியவன் நான் என்று இன்னும் யாரும் பெயர் சொல்லியிருக்கவில்லை. பெயர் வந்தால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

வைரப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். சலாம் வைத்தார். காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது, அனுமதி வேண்டும் என்றார். அதிகாரி தலையசைத்தார். வைரப்பன் எங்கள் ஆறு பேரையும் மண்மேட்டுக்குப் பின்னால் மண்டியிடச் சொன்னார். எதற்கென்று எங்களிடம் சொல்லவில்லை. குண்டை எடுத்துவிட்டு ஒரு ரைபிளை இடது கோடியில் கொடுத்தார். "தொடங்கு" என்றார்.

டிக். 'ஆச்சு'. கை மாறியது. கொடுத்தவன் எழுந்து முதுகைக் காட்டித் திரும்பி நடந்தான். டிக். 'ஆச்சு'. எழுந்தான், திரும்பினான், நடந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சன்னாசிக்காக, பாக்கியத்துக்காக, நான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என் கை ஏற்கெனவே நீண்டு நின்றது. நேற்று ஒருவன் செத்த அதே இடத்தில், அதே போல. ஆறு பேரும் இரண்டு சுற்று முடித்தோம். ஒருவன்கூடப் பிசகவில்லை.

அதிகாரி வைரப்பனிடம் திரும்பினார். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

"சாயா" என்றார் வைரப்பன். நான்.

பிலா இன்ஸ்பெக்டர் பாராட்டியதைச் சொல்லியிருக்கலாம். ஒரே துப்பாக்கியைக் கொடுத்தது நீங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இன்னும் ஒரு வாக்கியம்தான்: சன்னாசி ஓடவில்லை, நான் சொல்லிக்கொடுத்த இடத்துக்குப் போனான். வாங்கியவன் யார் என்று அதிகாரி கேட்டதற்கு, யார் பக்கத்தில் இருந்தாலும் வாங்கியிருப்பான் என்று பதில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் கன்னத்தில் அறை விழுந்தது. எத்தனை என்று நான் எண்ணினேன், இங்கே எழுத மாட்டேன். சட்டையிலிருந்து கார்ப்பரல் பட்டையைப் பிய்த்தார்கள். மாலைவரை வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள். அவருக்கு இடது காது கேட்காமல் போனது அன்றிலிருந்துதான். வயதானதால் வந்த செவிடு என்று நினைத்துக்கொண்டிருந்த நண்பர்கள் தெரிந்துகொள்ளட்டும். அதிகாரி அறிக்கையில் என்ன எழுதினார் என்பது தெரியாது. லாரி வந்தது, பாக்கியத்தின் பெயரைக் கூப்பிடவில்லை. அடுத்த அளவை நாளில் அவளுக்கு அரிசி கிடைத்தது.

ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பெண்கள் 'முதுகுல குண்டு வாங்கினவன் பெண்டாட்டி' என்று சாடை பேசுவது அவர் காதுக்கு வந்தது. சன்னாசி செத்த மூன்றாம் நாளே பாக்கியத்தின் லயத்து வீட்டுக்குப் போனார். நான் பின்னால் நின்றேன்.

"தங்கச்சி, ஊர்ல பேசறதை நம்பாதே. உன் புருஷன் பயப்படல. எல்லாருக்கும் முன்னால சுட்டான். எந்திரிச்சுத் திரும்பிப் போன்னு பழக்கினவன் நான். எந்திரிச்சுப் போனான். அதான் முதுகுல."

அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. எல்லாரும் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். பாக்கியம் பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப நீங்க சொன்னதைக் கேட்டதாலதான் செத்தாரு."

"ஆமா."

"வேற மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல?"

"கொடுத்திருக்கலாம். எனக்குத் தோணல."

"வந்து சொன்னீங்க, சரி. இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க."

"வரல தங்கச்சி" என்றார். கடைசிவரை போகவில்லை. சமாதானம் பேசுகிறேன் என்று நான் இரண்டு முறை கேட்டேன். "அவ சொன்னா சொன்னதுதான். அதுல உனக்கென்ன கிராணி உத்தியோகம்?" என்று அடக்கிவிட்டார்.

பட்டை போனாலும் எங்களைப் பழக்கும் வேலை அவரிடமே இருந்தது. வேறு ஆள் கிடையாது. இருந்த ரைபிள்கள் காவலுக்கே வேண்டியிருந்ததால், மறுவாரமே ரப்பர்க் கிளைகளை வெட்டி ஆளுக்கொரு கட்டைத் துப்பாக்கி செய்தார். 'ஆச்சு' என்ற சொல்லை எடுத்துவிட்டார். "சுட்டா தலையைத் தாழ்த்து. இடது பாரு, வலது பாரு. மறுபடி போல்ட்டை இழு. உன் கையில இருக்கறது உன் கையிலயே இருக்கட்டும். பெத்த தாய் கேட்டாலும் கொடுக்காதே." நாங்கள் சரியாகச் செய்தபோது அவர் முகம் இன்னும் கலவரமாயிற்று. "இதுல என்ன தப்பு இருக்கு, பார்த்துச் சொல்லுங்கடா. எனக்குத் தெரியாத தப்பு ஒண்ணு இருக்கும்" என்று ஒவ்வொருவனிடமும் கேட்பார். யாரும் சொல்ல முடியாது. அவர் தூங்கினாரா என்பதே சந்தேகம். காலையில் வந்தால் மண்மேட்டுக்குப் பின்னால் தனியாக மண்டியிட்டு, எழுந்து, மறுபடி மண்டியிட்டுக்கொண்டிருப்பார்.

சண்டை முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் நான் பத்திரிகைக்குப் போனேன். அவரைப் பல மாதம் விசாரித்துவிட்டு மறுபடி போலீஸில் சேர்த்துக்கொண்டார்கள். அவரிடம் பழகியவர்கள் இன்று பெரிய அதிகாரிகள். அவர்களைக் கேளுங்கள், எல்லாரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: ஒரு பயிற்சியை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார், பழகி வரும்போது மாற்றிவிடுவார். ஏன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு ஓர் இளம் இன்ஸ்பெக்டரை மம்பாவுக்கு அழைத்துப் போனேன். துணிச்சலை எப்படி வளர்ப்பது என்று அவன் கேட்டான். "துணிச்சல்னு ஒண்ணை நான் கண்ணால பார்த்ததில்ல தம்பி. பழக்கத்தைத்தான் பார்த்திருக்கேன். அது நல்லதா கெட்டதான்னு குண்டு வர்ற அன்னிக்குத்தான் தெரியும். அதனால தினமும் சந்தேகப்படு" என்றார். அவன் ஏமாற்றத்தோடு எழுந்து போனான்.

அன்று அவன் போன பிறகு, என்னால் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷமும் கேட்காதது.

"கார்ப்பரல், நான் கையை நீட்டாம இருந்திருந்தா? வாங்க ஆள் இல்லாம அவன் ஒரு நிமிஷம் முழிச்சிருப்பான். எந்திரிச்சிருக்க மாட்டான்."

நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஆமா. எந்திரிச்சிருக்க மாட்டான்" என்றார்.

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கையைப் பழக்கினவன் நான். அதனால அது என் கை. என் கணக்குல விட்டுடு, நீ வெச்சுக்காதே" என்றார். நானும் விட்டுவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. பாக்கியத்திடம் அவர் நின்று சொன்னபோது என் பெயரைச் சொல்லாததும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அவரை எரித்துவிட்டோம். அவர் இருந்தவரை அந்தக் கை அவரிடம் இருந்தது. இனி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பாக்கியம் சுவா ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த மகள்தான் அன்று இடுப்பில் இருந்த பிள்ளை. விலாசம் வாங்கிவிட்டேன். இது அச்சாகிவரும் பத்திரிகை அவர் கைக்குப் போகும் முன் நான் போய்ச் சேர வேண்டும். வாசலில் நின்று, துப்பாக்கியை வாங்கியவன் நான் என்று சொல்ல வேண்டும். என்னையும் இனி வராதே என்று சொல்லக்கூடும். சொன்னால் மறுபடி போக மாட்டேன்.